நல்லாயிருக்கு என்று அம்மா சொன்ன நாள்

பெனிற்றா பாடி முடித்ததும், அடுப்படிக்குள் நின்ற அம்மா எட்டிப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார்.

பெனிற்றா திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அந்த வீட்டில் பாட்டைப் பற்றி அப்படி ஒரு சொல் அதுவரை வந்ததில்லை. அம்மாவின் பெயர் இம்மாகுலேற். மன்னாரிலிருந்து வந்தவர். பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மகள் பாடினால் "தோள் ஏறிப்போச்சு" என்பார், "மேல போகேக்க சட்டி சுரண்டுற மாதிரி இருக்கு" என்பார், "கடைசிச் சொல்லை விழுங்கிப்போட்டாய்" என்பார். ஒரு குறையும் அகப்படாத நாளில் "ம்" என்றுவிட்டுத் திரும்பி வெங்காயம் வெட்டுவார். அந்த "ம்"முக்காகத்தான் பெனிற்றா கிழமைக்கு இரண்டு தரம் சட்டனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவாள்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நாவூறு பட்டுக் கெடுதி வரும் என்பது இம்மாகுலேற்றின் கட்சி. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிறவர்தான், ஆனால் நாவூறு விஷயத்தில் சுவாமியாரின் பேச்சும் எடுபடாது. பிள்ளைகள் சோதனையில் நல்லாய்ச் செய்தாலும் "சரி, சாப்பிடு" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஆனால் அம்மாவிடம் இன்னொரு குரல் இருந்தது. அதையும் பெனிற்றா அறிவாள். மாணவியாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் அம்மாவின் இல்லத்திலேயே அவள் வேலை செய்தாள். அங்கே, இரண்டு கரண்டிக் கஞ்சியை விழுங்கிய கிழவரைப் பார்த்து அம்மா, "வெரி குட், மை டார்லிங்! லவ்லி!" என்று கொஞ்சுவார். எழும்பி உட்கார முடியாத கிழவிக்கு, "நல்லாயிருக்கிறியள் இண்டைக்கு" என்று தமிழிலேயே சொல்லுவார். தேறக்கூடியவர்களிடம் அம்மா கண்டிப்பு. "நடவுங்கோ, கையை விடுங்கோ, நான் பிடிக்க மாட்டன்" என்பார். புகழ்ச்சியெல்லாம் இனித் தேற மாட்டார்கள் என்று அவர் மனதில் முடிவெடுத்துவிட்டவர்களுக்குத்தான்.

இப்போது அந்தச் சொல் தனக்கு வந்திருக்கிறது. அதுவும் இந்தக் கிழமையில்.

இந்தக் கிழமைக்கு என்ன விசேஷம் என்றால், பெனிற்றாவை ஒரு ஒபராவின் முதன்மை வேடத்துக்குக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் சொப்ரானோ. ஒபரா என்னும் மேல்நாட்டு இசைநாடகத்தில் பெண் குரல்களில் ஆக உச்சம் தொடுவது. மைக் இல்லாமல், மேடைக்குக் கீழே குழியில் இருக்கும் அத்தனை வாத்தியத்துக்கும் மேலாகக் கடைசி வரிசை வரைக்கும் போக வேண்டிய குரல். ஆறு வயதில் லண்டனுக்கு வந்து, தமிழ்ப் பூசையில் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நின்று பாடியவள். பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர் ஒருவர் பிடித்துக்கொண்டுபோய்ப் பரீட்சைக்கு இருத்தினார். பிறகு இசைக் கல்லூரி. பிறகு பதினாறு வருடமாக ஒரு கம்பனியின் கோரஸில். கோரஸ் என்றால் கூட்டத்தில் ஒருத்தி. சந்தையில் மீன் விற்பவள், விருந்துக்கு வந்தவள், கிளர்ச்சியில் கொடி பிடிப்பவள். கோயில் சனம் ஒருமுறை கூட்டமாக வந்து பார்த்துவிட்டு, "உதில நீ எது பிள்ளை?" என்று கேட்டது. மீன்காரி என்று சொன்னாள். "லண்டன் வந்து படிச்சும் மீனோ?" என்று ஒரு மாமா சிரித்தார். பெனிற்றா அதை மறக்கவில்லை. அவள் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அவள் பாட்டைப் படித்த விதமும் ஒரு மாதிரித்தான். அப்போது இருந்த மாடிக் குடியிருப்பில் பாட விடமாட்டார்கள் என்று சனிக்கிழமைகளில் அம்மா அவளை இல்லத்தின் சலவை அறைக்குக் கூட்டிப்போவார். அங்கே பெரிய ட்ரையர்கள் இரைந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் நின்று பெனிற்றா பாடுவாள். அம்மா அறைக்கு வெளியே நடையின் மறுகோடியில், படுக்கை விரிப்புகளை மடித்தபடி நிற்பார். பாட்டு முடிந்ததும் அங்கிருந்தே "கேட்டுது" என்பார், அல்லது "கேக்கேல்லை" என்பார். கத்தினால் ட்ரையரின் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். கத்தாமல், நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு கூர்மையைப் பிடித்து அதன் மேல் குரலை ஏற்றினால் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். இதைக் கல்லூரியில் பெரிய பெயர்கள் சொல்லிப் படிப்பித்தார்கள். பெனிற்றாவுக்கு அது ஏற்கெனவே கைவந்திருந்தது.

பாடுகிறவருக்குத் தன் குரல் தெரியாது. எலும்புக்குள்ளால் கேட்கும் குரல் வேறு, வெளியே போகும் குரல் வேறு. போனில் பதிவு செய்தால் எல்லாக் குரலும் தகரம். அதனால் ஒவ்வொரு பாடகிக்கும் வெளியே நம்பிக்கையான ஒரு காது வேண்டும். பெனிற்றாவின் ரீச்சர் போன வருடம் செத்துப்போனார். கம்பனியில் எல்லாரும் எல்லாருக்கும் "லவ்லி" என்பார்கள். வேலையை விட்டுத் தூக்கும் நாளிலும் லவ்லிதான். எஞ்சியது அம்மாவின் காது மட்டும்.

வேடம் ஒரு புது ஒபராவில். கலங்கரை விளக்கக் காவற்காரனின் மனைவி. இரண்டாம் அங்கம் முடிகிற இடத்தில், பித்தளைக் குழல்களெல்லாம் முழங்க, அவள் தனியே ஒரு உச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இடம் கேட்காவிட்டால் மிச்சம் என்ன பாடினாலும் பிரயோசனமில்லை. முதலில் எடுத்திருந்தவள் விலகிவிட்டாளாம். கம்பனிக்காரி தொலைபேசியில், "உன் நினைவுதான் முதலில் வந்தது, டார்லிங்" என்றாள். பதினாறு வருடமாக வராத நினைவு! விளம்பரத்தில் ஒரு மண்ணிற முகம் வேண்டுமென்று கேட்கிறார்களோ? வேறு ஆளே கிடைக்கவில்லையோ? நாற்பத்துமூன்று வயதில் மேற்குரல் போயிருக்கும், விழட்டும் பார்ப்போம் என்று நினைக்கிறார்களோ?

இப்படியே யோசித்து யோசித்து, மேற்குரல் உண்மையாகவே போய்விட்டதோ என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். போயிருந்தால் அந்த மேடையில் எல்லாருக்கும் முன்னால் விழ வேண்டும், அதற்குப் பிறகு கோரஸிலும் வைத்திருக்க மாட்டார்கள். போகாமல் இருந்து, பயத்தில் மறுத்தால் இன்னொரு தரம் கேட்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். வந்த இடத்தில் அம்மா, "நல்லாயிருக்கு" என்கிறார்.

"என்ன நல்லாயிருக்கு?" என்று பெனிற்றா கேட்டாள்.

"பாட்டு."

"மேல?"

"மேலயும்தான். இப்ப கொஞ்ச நாளா நல்ல மெதுவா, பஞ்சு மாதிரி இருக்கு. சாப்பிடுவமா?"

பஞ்சு மாதிரி!

அவள் சாப்பிடாமல் வாசலுக்குப் போய்த் தம்பிக்குப் போன் அடித்தாள். றூபன் வட லண்டன் எட்மண்டனில் இருக்கிறான். "அம்மாவுக்கு ஏதும் வருத்தமோ? டொக்டர் சொன்னதை எனக்குச் சொல்லாம மறைக்கிறியளோ?"

"உனக்கென்ன விசரே அக்கா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி காய்ச்சி எனக்கு ஏச்சும் தந்தவ."

"எனக்கு ஏசேல்லை. நல்லாயிருக்கு எண்டவ."

"பாட்டையோ?" என்றான் றூபன். "அப்ப ஏதோ இருக்கு."

இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு யோகமலர் சுவரில் இடிக்கவில்லை. யோகமலரும் புருஷன் வாமதேவனும் ஜேர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். வாமதேவன் வீடுகளுக்கு ஓடு பதிக்கிற வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். பெனிற்றா மேலே ஏறினாள் என்றால் யோகமலர் கூட்டுகிற தும்புத்தடியின் காம்பால் டும், டும், டும் என்று இடிப்பார். ஜேர்மனியில் இன்ன நேரத்துக்கு மேல் புல் வெட்டவும் ஏலாது என்று தெருவில் வைத்துச் சொல்லிக் காட்டுவார். அந்த இடி எப்போது நின்றது? போன மாதமா, அதற்கு முந்தியா?

அம்மா புகழ்கிறார், யோகமலர் இடிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம்தான் இருக்க முடியும். குரல் சுவரைத் தாண்டவில்லை. சுவரையே தாண்டாத குரல் குழல்களைத் தாண்டுமா? அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது. கஞ்சி குடித்த கிழவருக்குச் சொன்னதை மகளுக்கும் சொல்கிறார்.

அல்லது அம்மாவுக்குத்தான் ஏதோ நோய், மனம் இளகிவிட்டது.

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பெனிற்றா சத்தமில்லாமல் மேலே ஏறினாள். அம்மாவின் அறைக்குள் போய் அலுமாரி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். புது மருந்து ஏதும் இல்லை. பழைய பிறஷர் குளிசை, நோவுக்குப் பூசும் சித்தாலேப, செபமாலைகள், இல்லத்தில் தந்த பிரியாவிடைக் கடிதாசி. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் அது கேட்டது.

கீச்.

ஊசி மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி, கீச். மேல்மாடி நடையின் முகட்டில் பூட்டியிருந்த புகை வந்தால் கூவும் ஸ்மோக் அலாமிலிருந்து வந்தது. பற்றரி முடிந்தால் அது அப்படித்தான் கத்தும். கீழே முன் அறைக் கதவைச் சாத்தி வைத்துப் பாடுகிறவளுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அம்மா அதற்குப் பக்கத்து அறையில்தான் படுக்கிறார்.

"என்ரை லாச்சிக்குள்ள என்ன கிண்டுறாய்?" அம்மா படியில் நின்றார். "சோத்தைப் போட்டு வைச்சிட்டு ஆளைத் தேடுறன். நகை தேடுறியோ? அது உனக்குத்தான், செத்தாப் பிறகு எடு."

"அம்மா, இது எவ்வளவு நாளாக் கத்துது?"

"எது?"

கீச்.

"இது!"

"எது பிள்ளை?"

அம்மாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பெனிற்றா கதிரை வைத்து ஏறி, அலாமைக் கழற்றிக் கொண்டுவந்து அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அது மறுபடி கத்தியது. இம்மாகுலேற் அதன் சிவப்பு விளக்கு மின்னியதைப் பார்த்தார், மகளின் கண் சுருங்கியதைப் பார்த்தார். பிறகு மெல்லப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"கேக்கேல்லை" என்றார்.

சலவை அறைக் காலத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

இம்மாகுலேற் இந்த நோயை அறியாதவர் அல்ல. இல்லத்தில் இருந்த எத்தனையோ முதியவர்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்கட அம்மாவுக்குக் கதைக்கிறது கேக்குது, குருவி கத்துறது கேக்கேல்லை, காதைக் காட்டுங்கோ" என்று சொல்லி அனுப்பியவர். மேல் சத்தங்கள்தான் முதலில் போகும். மற்றதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதால் போனது தெரியாது.

"சரி" என்றார் கொஞ்ச நேரத்தால். "நாளைக்கு ஜீபி டொக்டருக்கு அடிப்பம். அழுறியோ?"

"இல்லை."

"அழாத. காது போனா மெஷின் தருவினம். உனக்கு என்ன இப்ப?"

பெனிற்றாவுக்குக் கோபம்தான் வந்தது. வேடத்தைப் பற்றி, வெள்ளிக்கிழமையைப் பற்றி, எல்லாவற்றையும் படியில் நின்றே கொட்டினாள். "அப்ப நீங்கள் நல்லாயிருக்கு எண்டது பொய்."

"பொய் சொல்லேல்லை. நல்லாத்தான் கேட்டுது. முந்தி நீ மேல போகேக்க சட்டி சுரண்டுற கூர் ஒண்டு இருக்கும். இப்ப அது இல்லை."

"அந்தக் கூர்தான் அம்மா குரல்! அது உங்கட காதில இல்லையோ, என்ரை தொண்டையில இல்லையோ? யோகமலர் அன்ரியும் இடிக்கிறேல்லை. அவவுக்கும் காது போட்டுதே?"

"அவவுக்கோ? நான் இடியப்பம் பிழியிறதும் அவவுக்குக் கேக்கும்." இம்மாகுலேற் மகளை மேலும் கீழும் பார்த்தார். தூக்குவதற்கு முன் நோயாளியைப் பார்க்கிற பார்வை அது. "ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. இஞ்சை வந்து வாய் திறந்துதான் பாடுறியோ?"

பெனிற்றா கையிலிருந்த அலாமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒத்திகைகளில் பாடகிகள் குரலை மிச்சம் பிடிப்பதற்காக அரைக்குரலில் தடவிக்கொண்டு போவதுண்டு. மார்க்கிங் என்பார்கள். உச்சம் வருகிற இடத்தில் அதைத் தொடாமல் தொட்டுவிட்டு இறங்குவார்கள். பெனிற்றா இங்கேயும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். சளி என்று ஒரு கிழமை, களைப்பு என்று ஒரு கிழமை. போன மாதம் ஒருநாள் மேலே ஒரு இடத்தில் குரல் நடுங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவள் போகவில்லை. அரைக்குரலிலும் அம்மாவின் காது குறையைப் பிடித்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மார்க் பண்ணினனான்" என்றாள்.

"விளங்குது. ஒருக்கா விழுந்த ஆக்கள் எல்லாம் இப்பிடித்தான். பிறகு விழுந்திடுவம் எண்டு கதிரையை விட்டு எழும்ப மாட்டினம். கடைசியா உண்மையாவே கால் போயிடும்." அவர் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார். "கீழ வா. பாடு."

"நீங்கள் கேட்டு என்ன பிரயோசனம்?"

"நான் கேக்கப் போறன் எண்டு ஆர் சொன்னது?"

முன் அறையில் இம்மாகுலேற் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். "கார் நிக்குது. லைற் எரியுது. யோகமலர் இருக்கிறா."

"போய்க் கேக்கப் போறியளோ?"

"கேட்டா மரியாதைக்கு நல்லாயிருக்கு எண்டுவா. கேக்காத. அவவுக்கு எங்களைப் பிடிக்காது, பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை. பாடு நீ."

பெனிற்றா பாடினாள். கலங்கரை விளக்கத்துக்காரி புருஷனின் படகைத் தேடும் இடத்தில் தொடங்கி மேலே மேலே ஏறினாள். உச்சம் வந்தபோது தொண்டை தானாகவே ஒதுங்கியது. தொட்டுவிட்டு இறங்கினாள்.

சுவர் சும்மா இருந்தது.

"அவ ரிவி பாக்கிறாவாக்கும்" என்றாள்.

"தோள்" என்றார் அம்மா. "காதிலயல்லோ முட்டி நிக்குது. கேக்காட்டியும் எனக்குக் கண் தெரியும். திரும்பப் பாடு."

பெனிற்றா மூச்சை இறக்கினாள். முதுகின் கீழ்ப்பக்கம் விரிந்தது. அம்மாவைப் பார்த்தால் அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவாள், அதனால் சுவரைப் பார்த்து நின்றாள். ஏறினாள். நடுங்கிய இடம் வந்தது. இந்த முறை ஒதுங்கவில்லை. அந்தப் பழைய கூர்மையைப் பிடித்து, அதன் மேல் முழுக் குரலையும் ஏற்றி, மூச்சு இருக்கும் மட்டும் நின்றாள். உள்ளே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றியில் ஒரு அதிர்வுதான். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நிறுத்தினாள்.

ஒன்றுமில்லை.

பிறகு, டும். டும். டும்.

இம்மாகுலேற் திரும்பினார். உச்சம் கேட்காத காதுக்கு இடி நன்றாகவே கேட்டது. "ஆ" என்றார்.

"பாட்டுக்கோ? இல்லாட்டி நாங்கள் படியில நிண்டு சத்தம் போட்டதுக்கோ?" என்றாள் பெனிற்றா.

அம்மா பதில் சொல்லுமுன் வாசல் மணி அடித்தது. யோகமலர் ஒரு கையில் தும்புத்தடியும் மறு கையில் போனுமாக நின்றார்.

"என்ன இம்மா அக்கா, ஒரு மாதமா நிம்மதியா இருந்தம். பிள்ளை விட்டிட்டாள் எண்டு நினைச்சன். திரும்பத் தொடங்கிட்டாளோ?"

"முதல் பாடினதும் கேட்டுதோ அன்ரி?" பெனிற்றா முன்னால் வந்தாள். "கொஞ்சத்துக்கு முந்தி?"

"முதலோ? அது ரேடியோவாக்கும் எண்டு விட்டன். இப்ப போட்டாய் பார் ஒண்டு! நான் பின் குசினிக்குள்ள நிண்டு மகளோட கதைச்சுக்கொண்டு இருக்கிறன். அவள் ஜேர்மனியில இருந்து கேக்கிறாள், 'அம்மா, பெனிற்றா அக்கா வந்திட்டாவோ' எண்டு."

பெனிற்றா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதில் எங்கே பொய் இருக்கும் என்று தேடினாள். தும்புத்தடியோடு வந்து நிற்கிற பொம்பிளைக்குப் பொய் சொல்ல நேரம் ஏது?

"ஓம் அன்ரி, தொடங்கிட்டன்" என்றாள். "குறை நினைக்காதேங்கோ. இனி இன்னும் கூடத்தான் இருக்கும்."

"கவுன்சிலுக்கு எழுதுவன்" என்றார் யோகமலர்.

"எழுதுங்கோ."

அன்று பின்னேரமே அவள் கம்பனிக்காரிக்குப் போன் அடித்து, வேடத்துக்கு ஓம் என்றாள். மறுமுனையில் "லவ்லி" என்றார்கள். ஏன் தன்னைக் கேட்டார்கள் என்ற சந்தேகம் அவளுக்கு இப்போதும் தீரவில்லை. அது தீராமலே பாடலாம் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

இம்மாகுலேற் ஆறிப்போன சோற்றைத் திரும்பச் சூடாக்கினார். சோற்றுக் கோப்பையை மகளின் முன்னால் வைத்துவிட்டு, அலாமையும் பக்கத்தில் வைத்தார்.

"சாப்பிட்டிட்டு ஓடிப்போய் உதுக்கு ஒரு பற்றரி வாங்கிக்கொண்டு வா. வீடு எரிஞ்சாலும் எனக்குத் தெரியாது, யோகமலராவது கேட்டு வரட்டும்."

"அம்மா, அந்தக் கடைசி இடம்?"

"எந்த இடம்?"

"மேல நிண்டது."

இம்மாகுலேற் கறியை அள்ளி வைத்தார்.

"ம்" என்றார்.